மழை லீவும் ஸ்னேப் வாத்தியாரும்

14 அக்டோபர் 2024, திங்கள்

கனமழை எச்சரிக்கை. வேளச்சேரி மேம்பாலத்தில் சாயங்காலமே கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். மடிப்பாக்கத்திலிருந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இடம் இல்லை, திரும்பி வந்து வாசல் மேட்டில் ஏற்றி வைத்தோம். நாளை பள்ளிக்கூடம் லீவு.

மகளுக்குத் தண்ணீர் பற்றிய கவலையே இல்லை. ஹாரி பாட்டரின் ஆறாவது புத்தகத்தில் முக்கால்வாசி தாண்டிவிட்டாள். அதில் வரும் மந்திரப் பள்ளி வாத்தியார் ஸ்னேப்பைப் பற்றி, ராத்திரி தோசைக்குக் காத்திருக்கும்போது கேட்டாள்: "அம்மா, ஸ்னேப் நல்லவரா கெட்டவரா? ஒண்ணு மட்டும் சொல்லிடேன்."

சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு எவ்வளவு பாடு தெரியுமா? 2007 ஜூலை 21, சனிக்கிழமை. நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க்கில் வரிசையில் நின்று கடைசிப் புத்தகத்தை வாங்கியவள் நான். அன்று எனக்கு 21 வயது. ஞாயிறு மதியம் ஸ்னேப்பின் நினைவுகள் வரும் அத்தியாயத்தில் ஓவென்று அழுதேன். யாருக்கு என்ன ஆச்சோ என்று அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

(இன்னும் படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன்.)

15 அக்டோபர், செவ்வாய்

மதியம் உள்ளறையிலிருந்து ஒரு கத்தல். "கொன்னுட்டாரும்மா! டம்பிள்டோரைக் கொன்னுட்டாரு!"

பள்ளித் தலைமையாசிரியரையே ஸ்னேப் கொன்றுவிடுகிற இடம். அப்புறம் வீடே பட்டிமன்றம் ஆனது. என் கணவர் படம் மட்டும் பார்த்தவர். அவருக்கு ஸ்னேப் என்றால் நடிகர் ஆலன் ரிக்மன். அந்தக் குரலில் பேசுகிறவன் கெட்டவனாக இருக்க முடியாது என்பது அவர் கட்சி. "கொஞ்சம் பொறு, கடைசியில தெரியும்" என்று ஆரம்பித்தார். காலை மிதித்தேன்.

அப்பாவுக்குப் புத்தகமும் தெரியாது, படமும் தெரியாது. வருஷா வருஷம் மயிலாப்பூர் கம்பன் விழாவுக்குப் போய்வருகிறவர். பேத்தி கதையைச் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இவன் கும்பகர்ணனா, விபீஷணனா?" என்றார். அவளுக்குப் புரியவில்லை. எனக்கு அந்தக் கேள்வி ராத்திரி வரைக்கும் ஓடியது. கும்பகர்ணனுக்குத் தப்பு எது என்று தெரியும். ஆனாலும் சோறு போட்டவனுக்காகப் போய்ச் சாகிறான். விபீஷணன் வெளிப்படையாகக் கிளம்பி எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். ஸ்னேப் இந்த இரண்டிலும் இல்லை. மனதளவில் எப்போதோ கிளம்பிவிட்டு, இராவணன் சபையிலேயே உட்கார்ந்திருக்கிற விபீஷணன். சபையில் எல்லோரும் சிரிக்கும்போது அவனும் சிரித்தாக வேண்டும்.

17 அக்டோபர், வியாழன்

புயல் வரும் என்றார்கள், வெயில் வந்தது. கார்களெல்லாம் பாலத்திலிருந்து இறங்கிவிட்டன. எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர்தான்.

அவள் தூங்கியபின் மூன்றாவது புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலின் தவளை வரும் பகுதி. பையனுக்கு மருந்து சரியாகக் காய்ச்ச வரவில்லை. ஸ்னேப், "வகுப்பு முடியும்போது இதை உன் தவளைக்கே ஊட்டிப் பார்ப்போம்" என்கிறார். தப்பாகக் காய்ச்சியிருந்தால் அது செத்துப்போகும் என்று தெரிந்தே. தவளை பிழைத்துவிடுகிறது, கூடப் படிக்கும் ஹெர்மயனி ரகசியமாக உதவியதால். அதற்கும் ஐந்து புள்ளிகளைக் கழிக்கிறார்.

2007-இல் இதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். உண்மையாகவே ஞாபகம் இருக்கிறது, சிரித்தேன்.

படத்தைப் பார்த்தவர்கள் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. முதல் படம் வந்த 2001-இல் ரிக்மனுக்கு 55 வயது. கதையில், ஹாரி பள்ளியில் சேரும்போது ஸ்னேப்புக்கு 31தான். அந்தத் தவளை வகுப்பில் 33. பதின்மூன்று வயதுப் பையனை வகுப்பு நடுவில் நிற்கவைத்து அவமானப்படுத்துகிற 33 வயது ஆள். சாகும்போது 38. எனக்கு இப்போது 38.

20 அக்டோபர், ஞாயிறு

ஸ்னேப் ரசிகர்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கும், என்னிடமும் இருந்தது. அவர் வில்லன் வோல்டமார்ட்டின் கூட்டத்தில் டம்பிள்டோருக்காக இருக்கும் உளவாளி, வோல்டமார்ட்டின் ஆட்களுடைய பிள்ளைகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், கொடுமைக்காரராக நடித்தே ஆக வேண்டும். டிராக்கோ மால்ஃபாயைத் தாங்கிப்பிடித்ததற்கு இது பொருந்தும். தவளைக்குப் பொருந்துமா? ஹெர்மயனியின் பல் மந்திரம் பட்டு வளர்ந்து நிற்கும்போது, 'எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே' என்றாரே, அதற்கு எந்த எஜமான் உத்தரவு போட்டான்?

இன்னொன்று, இப்போதுதான் உறைக்கிறது. தீர்க்கதரிசனத்தில் பாதியைக் கேட்டு வோல்டமார்ட்டிடம் போய்ச் சொன்னவரே ஸ்னேப்தான். ஜூலை முடியும்போது பிறக்கிற குழந்தை வோல்டமார்ட்டை வீழ்த்தும் என்பது அது. அதற்குப் பொருந்துகிறவர்கள் இரண்டு பேர்: ஹாரி, நெவில். வோல்டமார்ட் ஹாரியைக் குறிவைத்ததும் ஸ்னேப் பதறுகிறார், தான் நேசித்த லில்லிக்காக, ஹாரியின் அம்மாவுக்காக. அவளை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கிறார். புருஷனும் குழந்தையும் செத்தால் பரவாயில்லையா என்று டம்பிள்டோரே அருவருப்பாகப் பார்க்கிறார்.

வோல்டமார்ட் அன்றைக்கு நெவில் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால்? ஸ்னேப் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்த நெவில்தான் பிற்பாடு இவர் வகுப்பில் வந்து உட்கார்கிறான். இந்த உலகத்திலேயே அவன் அதிகம் பயப்படுவது யாருக்கு என்று மூன்றாவது புத்தகத்தில் பார்த்தால், அவன் அப்பா அம்மாவைச் சித்திரவதை செய்து பைத்தியமாக்கியவர்களுக்கு இல்லை. இந்த வாத்தியாருக்கு.

எழுதிய ரௌலிங்கே 2015-இல், ஸ்னேப் முழுக்கச் சாம்பல் நிறம், அவரைப் புனிதராக்கவும் முடியாது, பிசாசாக்கவும் முடியாது என்று சொல்லிவிட்டார். சரி. ஆனால் சாம்பல் நிறம் என்று சொல்லி முடித்துவிட்டால் நெவிலைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று ஆகிவிடுகிறதே.

அவர் துணிச்சல்காரர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வோல்டமார்ட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல யாரால் முடியும்? அது வேறு கணக்கு.

2 நவம்பர், சனி

தீபாவளி முடிந்து வயிறு சரியில்லை. லேகியம் இரண்டு நாளைக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

மகள் ஏழாவது புத்தகம். முறுக்கு தின்றுகொண்டே படிக்கிறாள், பக்கமெல்லாம் எண்ணெய். பொகார்ட் என்பது அவரவர் அதிகம் பயப்படுவதன் உருவில் வந்து நிற்கிற பூதம். விளையாட்டாகத்தான் கேட்டேன்: "நெவிலுக்கு பொகார்ட் ஸ்னேப்பா வருதே, உனக்கு யாரா வரும்? கரப்பான் பூச்சியா?"

"டியூஷன் சார்" என்றாள். தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

துருவிக் கேட்டபிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சார் மார்க்கைக் கடைசியிலிருந்துதான் வாசிப்பாராம். முதல் பெயர் யாருடையது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்களாம். ஒருநாள் இவளுடைய பெயர். "உன் பேப்பருக்கு என் சிவப்பு மை தண்டம்" என்றாராம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த மனிதரைப் பற்றி எனக்கு நல்லதும் தெரியும். ஃபீஸ் கட்ட முடியாத இரண்டு பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக்கொடுக்கிறார். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து சந்தேகம் தீர்ப்பார். கீழ்வீட்டு அக்காவிடம் நானே சொல்லியிருக்கிறேன்: "கறாரா இருப்பாரு, ஆனா நல்ல மனுஷன்." இவள் ஒருமுறை வயிற்றுவலி என்று படுத்தபோது, அது கணக்கு டெஸ்ட் நாள் என்பதைக் கண்டுபிடித்துக் கிளப்பி அனுப்பினேன். கண்டுபிடித்ததில் பெருமை வேறு.

அப்பாவிடம் சொன்னேன். "எங்க காலத்துல முட்டி போட வைப்பாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வாத்தியார் பேரு இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார். பெயரைச் சொல்லவில்லை.

30 நவம்பர், சனி

ஃபெஞ்சல் புயல். காலையிலிருந்து நிற்காத மழை. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். மதியம் கரண்ட் போனது.

மெழுகுவர்த்தி வேண்டாம் என்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள். ஸ்னேப்பின் நினைவுகள் வரும் அத்தியாயம் என்று பக்கத்தின் தடிமனைப் பார்த்தே தெரிந்துவிட்டது. கிட்டப் போகாமல் பால்கனித் தண்ணீரை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். டம்பிள்டோர் ஏற்கெனவே சாகிற நிலையில்தான் இருந்தார், கொல்லச் சொன்னதே அவர்தான் என்பதெல்லாம் அதில்தான் வருகிறது.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"பாவம்மா அவரு."

"ம்."

"நல்லவருதான் போல."

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதமாக எழுதிவைத்த வாதமெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அவளுடைய அழுகை அவளுடையது. எனக்கு 21 வயதில் கிடைத்தது.

கொஞ்ச நேரம் துடைப்பத்தைப் பிடுங்கி அவளும் தண்ணீர் தள்ளினாள். அப்புறம், "மழை நின்னா திங்கக்கிழமை டியூஷன் இருக்குமாம்மா?" என்றாள்.

"இருக்கும். நீ போக வேண்டாம்."

"மழைக்காகவா?"

"இல்ல."

ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். டிசம்பர் வரைக்கும் ஃபீஸ் கட்டியாயிற்று. அதை என் கணவரிடம் கரண்ட் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம்.