ஜூரி டூட்டி: அவர் வாய் திறக்கவே இல்லை

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக் கொஞ்ச நாளிலேயே தபாலில் ஜூரி சம்மன் வந்தது, அதாவது ஒரு வழக்கில் முடிவு சொல்லப் பொதுமக்களில் ஒருவராக என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். டெக்சாஸில் வாக்காளர் பட்டியல், டிரைவிங் லைசென்ஸ் பட்டியல் இரண்டிலிருந்தும் பெயர்களை எடுக்கிறார்கள். அதனால் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் சில சமயம் வந்துவிடும். அவர்கள் அதைக் குப்பையில் போடாமல், குடிமகன் இல்லை என்று குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு இனி அந்தச் சாக்கு இல்லை. ஆபீசில் சொன்னதும், எப்படிக் கழன்று வருவது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

காலையில் போனதும் பெரிய ஹாலில் உட்கார வைத்தார்கள். பாதி நேரம் காத்திருப்பதுதான் வேலை. அப்புறம் எண் அட்டை கொடுத்து, இருபது பேருக்கு மேல் எங்களை ஒரு கோர்ட்டுக்குள் அழைத்துப் போனார்கள். குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாக வழக்கு. சிறிய குற்றம் என்பதால் 6 ஜூரிகள் போதும். பெரிய குற்றம் என்றால் 12 பேர்.

இரு தரப்பு வக்கீல்களும் எங்களைக் கேள்வி கேட்டுத்தான் அந்த ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலா 3 பேரைக் காரணம் சொல்லாமலே நீக்கலாம். ஆனால் இனத்தைப் பார்த்து நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் பிடித்துக்கொண்டது ஒரே கேள்வியைத்தான். "இவர் சாட்சி சொல்ல வராமலே இருந்தால், எதையோ மறைக்கிறார் என்று நினைப்பீர்களா?" எண்ணைச் சொல்லி ஒவ்வொருவராகக் கேட்டார். முன்வரிசைப் பெரியவர், "தப்பு செய்யாதவன் ஏன் பேசாமல் இருக்கணும்?" என்றார். ஜட்ஜ் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கடைசிப் பட்டியலில் அவர் இல்லை.

என் முறை வந்தது. எங்கள் வீட்டில் அப்பா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நின்றால், அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி. குடியுரிமைத் தேர்வுக்காக உரிமைச் சாசனத்தை மனப்பாடம் செய்திருந்தேன். அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1791-இல் வந்த பத்துத் திருத்தங்கள்தான் அது, அதில் ஐந்தாவது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது. எதிரே ஒருவர் கைகட்டி உட்கார்ந்திருக்கும்போது அதைக் கடைப்பிடிக்க முடியுமா என்று தேர்வில் யாரும் கேட்கவில்லை. "கஷ்டம்தான், ஆனால் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள மாட்டேன்" என்றேன். என்னை ஜூரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

விசாரணையில் போலீஸ் வீடியோவைப் போட்டார்கள். போதையைச் சோதிக்க, கோட்டில் ஒன்பது காலடி நேராக நடந்து, திரும்பி, மறுபடி ஒன்பது காலடி வர வேண்டும். போகும்போது ஒழுங்காகத்தான் போனார். திரும்பும் இடத்தில் தடுமாறினார். காலில் குதிகால் வைத்த பூட்ஸ். மூச்சுப் பரிசோதனைக்கு அவர் மறுத்ததை அரசு வக்கீல் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் கோர்ட்டில் பேசாததைப் பற்றி மூச்சு விடவில்லை. விடவும் கூடாது, உச்ச நீதிமன்றத்தின் 1965 தீர்ப்பு அதைத் தடுக்கிறது.

விசாரணை முடிந்து, முடிவெடுக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் ஒரு பெண் கேட்டார்: "அவரே வந்து சொல்லியிருக்கலாமே?" எங்கள் தலைவராக இருந்த இளைஞர், ஜட்ஜ் எழுதிக் கொடுத்த தாளைத் தள்ளி, அவர் சாட்சி சொல்லாததை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற பத்தியைக் காட்டினார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. மீதி நேரமெல்லாம் பூட்ஸும் வீடியோவும்தான். ஆறு பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். வந்தோம்: குற்றவாளி இல்லை. அவர் குடித்திருப்பார் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தார்களா என்றால், இல்லை.

ஜூரி விசாரணையைப் பறித்தார் என்பது அமெரிக்காவின் 1776 சுதந்திரப் பிரகடனத்தில் பிரிட்டனின் ஜார்ஜ் மன்னர் மீது சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று. இந்தியாவிலோ கடற்படை அதிகாரி நானாவதி மீதான 1959 கொலை வழக்குக்கு அப்புறம் ஜூரி முறை படிப்படியாக மறைந்தே போனது. அங்கே வளர்ந்த எனக்கு, முன்பின் தெரியாத ஆறு பேரிடம் இந்த வேலையைக் கொடுப்பது அப்போது வினோதமாகத்தான் இருந்தது.

போகிறவர்களுக்கு: மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், ஸ்வெட்டரும் வேண்டும். முதல் நாளுக்கு 20 டாலர், அடுத்த நாளிலிருந்து 58. ஜூரி டூட்டிக்குப் போனதற்காக உங்களை வேலையை விட்டு நீக்க முடியாது. ஆபீசில் காட்ட கோர்ட்டிலேயே சான்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.