நவம்பர் 2025 நாட்குறிப்பு: அப்பா, அட்டைப்படம், லேப்டாப்

நவம்பர் 9, ஞாயிறு

பழைய லேப்டாப்பின் கீல் முழுவதுமாக விட்டுவிட்டது. திரையைச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் இன்று நாவலின் பக்கங்களை அமைத்தேன். ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசசர் என்பதால் விண்டோஸ் 11-க்கு இது தகுதியில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இதற்கு மேல் இதில் பணம் போட மனம் வரவில்லை. அறுபதாயிரத்துக்குள் புதிதாக ஒன்று பார்க்க வேண்டும்.

அப்பா இரவு அரை டம்ளர் கஞ்சி குடித்தார்.

நவம்பர் 11

தம்பி போனில் கேட்டான்: "ஜிஎஸ்டி குறைத்தார்களே அக்கா, விலை இறங்கியிருக்குமே?" செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியவை ஏசியும் பெரிய டிவியும். லேப்டாப்புக்கு முன்பிருந்தே 18தான். ரேம் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. நினைவகச் சில்லுகளை எல்லாம் செயற்கை நுண்ணறிவு மையங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. தள்ளிப்போட்டால் இன்னும் ஏறும்.

ஜனவரி புத்தகக் காட்சிக்கு முன் நாவல் அச்சுக்குப் போயாக வேண்டும். பதிப்பாளர் இன்றும் கேட்டார்.

நவம்பர் 12

அப்பாவின் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) இன்னும் இறங்கவில்லை.

நவம்பர் 14

தூக்கம் வரவில்லை, உட்கார்ந்து எண்களைப் படித்தேன். ஏஎம்டியின் இரண்டு பிராசசர்கள்: ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. இரண்டின் மேலும் ஒட்டியிருப்பது ஒரே ஸ்டிக்கர். முதலில் வரும் 7 என்பது 2023-ஆம் ஆண்டு வரிசை என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே இருப்பது என்ன என்று சொல்வது மூன்றாவது இலக்கம். 2 என்றால் ஜென் 2. 2019-இல் வந்த கட்டமைப்பு, இந்தச் சில்லில் நான்கு கோர்தான் (கணக்குப் போடும் கருக்கள்). 3 என்றால் ஜென் 3, ஆறு கோர். பத்து மட்டும் கூடியிருக்கும் எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு வித்தியாசம்! மகளின் கல்லூரிக்காகக் கடன் வாங்கிக்கொண்டு கடைக்கு வருகிறவருக்கு இதை யார் சொல்வார்கள்? எனக்குக் கோபம் ஆறவில்லை.

நவம்பர் 15

அப்பா அட்டைப்படத்தைக் காட்டச் சொன்னார். பழைய லேப்டாப்பைக் கட்டில் ஓரம் தூக்கிப் பிடித்தேன். படுத்தபடி கீழேயிருந்து பார்த்தவர், "ஏன் இப்படிக் கறுத்துப்போயிருக்கிறது?" என்றார். டிஎன் வகைத் திரை. நேர் எதிரே இருந்தால்தான் நிறம் நிறமாகத் தெரியும். அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. முப்பது வருடம் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். தொட்டுப்பார்த்தே பாயிண்ட் அளவு சொல்வார்.

பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் திரை இல்லாத எதையும் இனி பார்க்கப்போவதில்லை.

நவம்பர் 17

அம்மாவை அப்பாவின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய்வந்தேன். மழைத் தண்ணீர் கணுக்கால் வரை.

கடைக்காரத் தம்பி இரண்டை எடுத்து வைத்தார். இரண்டிலும் 7530யு, இரண்டும் ஐபிஎஸ். பென்டிரைவில் கொண்டுபோன அட்டைப்படத்தை இரண்டிலும் திறக்கச் சொன்னேன். அட்டையின் நடுவில் குங்குமச் சிவப்பில் ஒரு வட்டம். நீல நிற லேப்டாப்பில் அது குங்குமமாகவே இருந்தது. சாம்பல் நிற லேப்டாப்பில் வெளுத்து, செங்கல் பொடிபோல ஆகிவிட்டது. விவரத்தாளைப் புரட்டினால் 45 சதவீத என்டிஎஸ்சி என்று போட்டிருக்கிறது; திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவு அது. கணினித் திரைகளுக்கான பொது அளவுகோலான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்தத் திரையால் காட்டவே முடியாது. படம் பார்ப்பவருக்கு இது போதும். நிறத்தை நம்பி அச்சகத்துக்குக் கோப்பு அனுப்புகிறவளுக்குப் போதாது.

ஆனால் சாம்பலில் 16 ஜிபி ரேம், 57 வாட் அவர் பேட்டரி. நீலத்தில் 8 ஜிபி, 42 வாட் அவர்.

நவம்பர் 18

ஆஸ்பத்திரி வார்டில் எங்கள் பக்கம் பிளக் பாயிண்ட் ஒன்றுதான். அதில் அப்பாவுக்கு மருந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்பு.

பக்க அமைப்பு வேலையில் மணிக்குப் பத்து வாட் அவர் செலவாகும் என்று வைத்தால் நீலம் நான்கு மணி நேரம் தாங்கும். சாம்பல் ஐந்தரையைத் தாண்டும். வருடம் போகப்போக இரண்டுமே குறையும். நீலத்துக்கு டைப்-சி சார்ஜர், 65 வாட். செவிலியர் அறைக்கு வெளியே இருக்கிற பாயிண்டில் போனையும் அதையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

நவம்பர் 20

கடைக்காரத் தம்பி மறுபடி அழைத்தார். அதே விலைக்கு இன்டெல் ஐ5 12450எச் பிராசசர் லேப்டாப் இருக்கிறதாம், "இதைவிட வேகம் அக்கா". வேகம்தான், மறுக்கவில்லை. அது 45 வாட் சில்லு; வேலை கூடினால் ஃபேன் இரையும். 7530யு 15 வாட். இரவு இரண்டு மணிக்கு அப்பா இப்போதுதான் கண் அயர்கிறார். தலைமாட்டில் ஃபேன் இரைய விடமாட்டேன்.

நவம்பர் 21

ஊசி போட்ட கை வீங்கியிருக்கிறது. வேலை எதுவும் ஓடவில்லை.

நவம்பர் 24

சாம்பலில் ரேம் முழுவதும் மதர்போர்டிலேயே பற்றவைத்தது. 16-க்கு மேல் ஒருநாளும் ஏற்ற முடியாது. நீலத்தில் 8 பற்றவைத்தது போக ஓர் ஸ்லாட் காலி. இன்னொரு 8 செருகினால் இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இரட்டைச் சேனலும் ஆகும், கிராஃபிக்ஸும் சுறுசுறுப்பாகும். அந்த 8-இன் விலைதான் உதைக்கிறது.

ரேமைப் பிறகு சேர்க்கலாம். பேட்டரியையும் திருகுகளைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். திரையை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. அப்பா பார்க்கப்போவது திரையை.

நீலம்.

நவம்பர் 26

சிறுநீர் கொஞ்சம் பிரிந்தது! டாக்டர் முகத்தில் இன்றுதான் ஒரு தெளிவு. அம்மா இட்லி சாப்பிட்டாள்.

நவம்பர் 27

திங்கள் முதல் விலை ஏறுகிறதாம். முன்பணம் அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை டயாலிசிஸ், நான் நகர முடியாது, தம்பிதான் கடைக்குப் போகிறான். அவனுக்கு அனுப்பியது: பெட்டியைக் கடையிலேயே பிரி. 7530 என்று இருக்கிறதா, செட்டிங்ஸில் பார், ஸ்டிக்கரை நம்பாதே. முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் திரையில் போட்டுச் செத்த புள்ளி இருக்கிறதா பார். கீலை மெதுவாக நான்கைந்து தடவை திறந்து மூடு. பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். காலி ஸ்லாட் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்.