சிலைக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம்?

மட்டக்களப்பில் கலியாண வீடுகளையும் கோயில் திருவிழாக்களையும் படம் பிடித்துத் தொழில் செய்யும் எனக்கு, பொது இடங்களில் நிற்கும் சிலைகளை நினைவு மலர்களுக்காக இரவில் எடுத்துத் தரும் வேலையும் இடைக்கிடை வருவதுண்டு. வாவிக்கரையோரம் காந்திப் பூங்காவில் நிற்கும் காந்தியின் சிலையானாலும், 1814இல் இங்கு வந்து மறு ஆண்டே காலமான மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட்டின் சிலையானாலும், பகலில் ஒருமுறை சுற்றிவந்து, மடிப்புகள் எந்தப் பக்கமாக விழுகின்றன, முகத்தின் எந்தப் பாதி நன்றாக அமைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இரவில் கமெராவுடன் போவேன்.

வேலை பெரிய இரகசியமன்று. கமெராவை ட்ரைபொட்டில் இறுக்கி, டோர்ச் வெளிச்சத்தில் சிலையின் முகத்துக்கு ஃபோகஸ் செய்து, பின்னர் ஓட்டோ ஃபோகஸை நிறுத்திவிட வேண்டும். ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் அளவு) 100, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 30 செக்கன் என்பது நான் தொடங்கும் அளவு. ஷட்டர் திறந்திருக்கும் அந்த அரை நிமிடத்துக்குள், கறுப்புச் சட்டையுடன் நடந்தபடியே சிலையின்மேல் வெளிச்சத்தைப் பூசுகிறோம். ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்து, டோர்ச்சின் முகத்தை லென்ஸுக்குக் காட்டாமல் இருந்தால், நடப்பவர் படத்தில் பதிவதில்லை.

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. கமெராவுக்கு அருகில் நின்று அடிக்கும் டோர்ச் சிலையைத் தட்டையாக்கி, சுவரில் ஒட்டிய கடதாசி உருவம் போலக் காட்டிவிடும். பக்கவாட்டில் போய், மேற்பரப்பை உரசிச் செல்வதுபோல ஒளியை விட்டால், பகல் வெயிலில் கண்ணுக்கே படாத உளித்தடமும் கரண்டித்தடமும் எழுந்து நிற்கும். சிலைகளின் காலடியில் விளக்குப் பூட்டுவது நமது ஊர்களில் வழக்கமாகிவிட்டது. கீழிருந்து வரும் அந்த ஒளி புருவத்தின் நிழலை நெற்றிமேல் எறிந்து, சாந்தமான முகத்தையும் கோபமுள்ளதாக மாற்றிவிடுகிறது. வணக்கத்துக்குரிய ஒருவரின் முகத்துக்கு இது அநீதி என்றே கருதுகிறேன். ஆகவே உதவிக்கு வரும் தம்பியை ஏணியில் ஏற்றி, தலைக்கு மேலே ஒரு பக்கமாகச் சரித்து அடிக்கச் சொல்வேன்.

எங்கள் பக்கத்துச் சிலைகள் பல சீமெந்தினால் செய்து, மினுங்கும் பெயின்ட் பூசப்பட்டவை. அந்த மினுக்கத்தில் டோர்ச்சின் வட்டம் அப்படியே மூக்கிலும் கன்னத்திலும் வெள்ளைப் பொட்டாக விழும். டோர்ச்சின் வாயில் டிரேசிங் கடதாசியை இரண்டாக மடித்துக் கட்டி, கையை வேகமாக வீசினால் அந்தப் பொட்டு கரைந்துவிடும். தூரத்தையும் கவனிக்க வேண்டும்: நாலடியில் நின்று அடிப்பதை இரண்டடிக்கு மாற்றினால் வெளிச்சம் நான்கு மடங்காகும், ஆகவே அந்த இடத்தில் கை தங்கும் நேரமும் நாலில் ஒன்றாகக் குறைய வேண்டும்.

தெருவிளக்கின் மஞ்சளும் எல்.ஈ.டி. டோர்ச்சின் நீலம் கலந்த வெள்ளையும் ஒரே படத்தில் சேர்ந்தால் சிலை பிணத்தின் நிறத்துக்குப் போய்விடும். செம்மஞ்சள் செலோபேன் தாளை டோர்ச்சில் சுற்றுவதே எனக்குத் தெரிந்த எளிய வழி. காற்று பலமாக இருக்கும் இரவுகளில் ட்ரைபொட்டின் நடுத்தண்டில் கனமான பையைத் தொங்கவிடுவேன். அயலில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் அவசியம். போரைக் கண்ட ஊரில் நள்ளிரவில் டோர்ச்சுடன் நடமாடுபவர்களைப் பார்த்தால் சனம் பயப்படுவது இயல்பே.

பெரிய சிலைக்கு ஒரு ஷட்டர் போதாது. முகம், உடை, பீடம் என்று தனித்தனியாக எடுத்து, ஃபோட்டோஷொப்பில், ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் கூடியதையே காட்டும் ‘லைட்டன்’ முறையில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கிறேன். அப்போதும் ஒரு பக்கத்தை இருட்டாகவே விட்டுவிடுவேன். மலர்க் குழுவினர் சிலர் முழுச் சிலையும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கேட்பதுண்டு. இரண்டையும் அச்சிட்டு அருகருகே வைத்துக் காட்டிய பின்பே முடிவெடுக்கச் சொல்கிறேன்.