பக்கத்து இடம்

"அம்மா, நாளைக்கு லீவு போட்டுக்கவா?"

எட்டாம் வகுப்பு. காய்ச்சல் இல்லை, பரீட்சையும் இல்லை. துருவிக் கேட்டதில் வந்தது இவ்வளவுதான்: "இடம் மாத்திட்டாங்க. பக்கத்துல இருக்கறவ பேசவே மாட்டேங்கறா."

சாப்பாட்டு டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பியிருந்தது.

தினமும் மார்க்கைத்தான் கேட்டிருக்கிறேன். யாரோடு சாப்பிட்டாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பல நாடுகளின் மாணவர் திறனை ஒப்பிடும் பிசா (PISA) என்ற தேர்வை எழுதும் 15 வயதுப் பிள்ளைகளிடம், பள்ளியில் தனிமையாக உணர்கிறாயா என்றும் கேட்கிறார்கள். (அதற்கு மார்க் கிடையாது.)

டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பக்கத்தில் இருப்பவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவது... பதின்மூன்று வயதுக்குப் பள்ளிக்கூடம் என்பதே அதுதான் போல.

இன்று சாயங்காலம் டப்பா காலி.

"எல்லாத்தையும் நீயே சாப்பிட்டியா?"

"பாதி நான். பாதி அவ."