சலவைப் பெண் என்று பதிவான செவிலியர்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய கறுப்பினச் செவிலியர் சூசி கிங் டெய்லரின் நினைவுக் குறிப்புகளை அண்மையில் இரண்டாவது முறையாகப் படித்து முடித்தேன். முதல் வாசிப்பில் போர்க்களக் காட்சிகளே மனத்தில் நின்றன. இம்முறையோ, ஒரு காசுகூடப் பெறாமல் அவர் செய்த வேலைகள் எத்தனை என்பதே என் நினைவை விட்டு அகலவில்லை.

அவர் 1848-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பினத்தவருக்கு எழுத்தறிவிப்பது அங்கே சட்டப்படி குற்றம். சவானா நகரில் பாட்டியின் வீட்டில் வளர்ந்தபோது, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினக் கைம்பெண் ஒருவர் தம் வீட்டுச் சமையலறையில் மறைவாக நடத்திய பள்ளியில் அவர் படித்தார். அங்கே 25, 30 பிள்ளைகள் இருந்தார்கள். காவலரோ வெள்ளையரோ பார்த்துவிடாதபடி புத்தகங்களைத் தாளில் சுற்றி எடுத்துச் சென்று, ஒவ்வொருவராக உள்ளே நுழைவார்கள். புத்தகம் கிழியாமல் இருக்க அட்டை போட்டுப் பழகிய எனக்கு, புத்தகமே தெரியாமல் இருக்கச் சுற்றிய அந்தத் தாளை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடக்கின் அரசுக்கும் நடந்த அந்த உள்நாட்டுப் போரின்போது, 1862 ஏப்ரலில், மாமாவின் குடும்பத்தோடு தப்பி வடக்குப் படையின் பாதுகாப்பை அடைந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று அறிந்த அதிகாரிகள், செயின்ட் சைமன்ஸ் தீவில் ஒரு பள்ளியை நடத்தும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். பதினான்கு வயதே ஆன அந்த ஆசிரியையிடம் பகலில் சுமார் 40 குழந்தைகளும், இரவில் வேலை முடிந்து வந்த பெரியவர்களும் எழுத்துக் கற்றார்கள்.

அதன்பின் கறுப்பின வீரர்களைக் கொண்ட முதலாம் தென் கரோலினா தன்னார்வப் படையில் சேர்ந்தார். பதிவேட்டில் அவர் சலவைப் பெண். ஆனால் ஓய்வு கிடைத்த வேளைகளில் வீரர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்; துப்பாக்கிகளைத் துடைத்துச் சுத்தம் செய்தார்; நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் பார்த்துக்கொண்டார். அம்மை கண்ட ஒரு வீரரைத் தனிக் கூடாரத்தில் வைத்து, மருத்துவரையும் முகாம் பணியாளர் ஒருவரையும் தவிர வேறு யாரும் நெருங்கக் கூடாது என்று தடுத்திருந்தார்கள். முன்பே அம்மைத் தடுப்பூசி போட்டிருந்த சூசி அஞ்சாமல் தினமும் அங்கே சென்றார். இரவில் படுக்கப் போகும் முன்பும் அந்த மனிதர் வசதியாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டே திரும்பினார். இத்தனை செய்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

என் மனத்தில் ஆழப் பதிந்தது இன்னொரு காட்சி. காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு வாய்க்கு இதமாக ஏதேனும் கொடுக்க விரும்பினார். கையிருப்பில் இருந்தவை சில டப்பாக்களில் அடைத்த கெட்டிப்பாலும் கொஞ்சம் ஆமை முட்டைகளும்தான். ஆமை முட்டையில் அவர் அதுவரை எதுவும் சமைத்ததில்லை. வருமோ வராதோ என்ற ஐயத்துடனேயே கஸ்டர்டு காய்ச்சினார். அது அருமையாக அமைந்தது. வீரர்களும் விரும்பிச் சாப்பிட்டார்கள். செவிலியர் பயிற்சி எதுவும் பெறாத ஒருவரின் பணிவிடை எப்படிப்பட்டது என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டவில்லை.

நான்கு ஆண்டும் மூன்று மாதமும் ஊதியமின்றி மனமுவந்து உழைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். போருக்குப் பின் சவானாவில் மாதம் ஒரு டாலர் கட்டணத்தில் பள்ளி நடத்தினார். 1866-இல் கணவர் எட்வர்ட் கிங் இறந்தார். பிறகு இலவசப் பள்ளி திறக்கப்பட்டதால் மாணவர்களும் குறைந்தார்கள். ஆசிரியையாக இருந்தவர் வீட்டு வேலைக்குப் போக நேர்ந்தது.

1892-இல் போர்க்காலச் செவிலியருக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் வந்தபோதும் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. 1902-இல் தம் நினைவுக் குறிப்புகளைப் பாஸ்டனில் தாமே வெளியிட்டார். ஒரு நடைமுறைக் காரணத்தால் அவர் பெயர் ஓய்வூதியப் பட்டியலில் சேராமல் போனதற்கு மனமார வருந்துவதாக, அந்தப் படையின் தளபதியாக இருந்த டிரோபிரிட்ஜ் அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நூலின் முன்பகுதியிலேயே சூசி அச்சிட்டு வைத்தார்.