ரெண்டு நிமிஷம் நில்லுங்க

ஊருக்கு வந்து பத்து நாள் ஆகிறது. குமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன், விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறான், சாயா நேரத்துக்குத் தினமும் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறான்: "அண்ணா, கனடாவுல ஷூட்டிங் வேலைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திய?" வாயால் சொன்னதில் பாதி விட்டுப்போனது, அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

2021 நவம்பர் முதல் வாரத்தில் நானும் மனைவியும் வான்கூவரில் இறங்கினோம். அவள் நர்ஸ், அவள் போட்ட விண்ணப்பத்தில்தான் எங்களுக்கு பி.ஆர்., அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, கிடைத்தது. நான் நாகர்கோவிலில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். போன அடுத்த வாரமே அங்கே பேய்மழை, மலைப்பாதை நெடுஞ்சாலைகள் அறுந்துபோய், ஒரு தடவைக்கு 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் கிடையாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதே நாட்களில் இங்கேயும் வெள்ளம். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்துவிட்டு குழித்துறை ஆறு கரைபுரண்டது, ரயில் பாதையில் மண் சரிந்து திருவனந்தபுரம் ரயில்கள் நின்றன. "அங்கயும் வெள்ளமா மக்களே?" என்று அப்பா போனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

வான்கூவர் ஊர் பெரும்பாலும் அமெரிக்க ஊர்களாகத்தான் நடிக்கிறது. தெரு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் திரையில் வேறு எங்கேயோ நடக்கிறதாக வரும். அந்த வேலைகளில் ஆகக் கீழ்ப்படி பி.ஏ., அதாவது புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட். அதிலும் நான் லொக்கேஷன் பிரிவு. கூடாரம் கட்டுவது, கோன் வைத்து வண்டிகளுக்கு இடம் பிடிப்பது, குப்பை எடுப்பது, எல்லாரும் போனபிறகு சாமான்களுக்குக் காவல் இருப்பது எங்கள் பாடு. சேர்வதற்கு முன் ஒரு நாள் அறிமுக வகுப்பும் ரசாயனப் பொருள் பாதுகாப்புச் சான்றிதழும் எடுத்தேன். முதல் நாள் நீட்டிய காகிதக் கட்டில், போன டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் குடியிருந்தாய் என்று ஒரு கேள்வி இருந்தது. வான்கூவர் இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் குடியிருப்பவருக்குக் கொடுக்கிற சம்பளத்துக்குத்தான் தயாரிப்பாளருக்கு அந்த மாகாணத்தின் வரிச்சலுகை. நவம்பரில் போனதால் தப்பித்தேன், ஜனவரியில் போயிருந்தால் என்னைக் கூப்பிட யோசித்திருப்பார்கள்.

சரி, இதெல்லாம் யாரும் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு ஒன்று, அதற்குப் பெயர் லாக்-அப். காமிரா ஓடும்போது பிரேமுக்குள் வெளியாள் நடந்து வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை. தெருமுனையில் என்னை நிறுத்திவிடுவார்கள், காதில் வாக்கி-டாக்கி. 'ரோலிங்' என்று வந்தால் நடந்து வருகிறவரிடம் கொஞ்சம் நிற்கச் சொல்ல வேண்டும், 'கட்' என்று வந்தால் விடலாம். கேட்கச் சின்ன வேலைதான். ஆனால் நான் அந்த நாட்டுக்குப் போய் ஆறு மாதம் ஆகவில்லை, கடையில் பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்கவே கூச்சப்படுகிறேன், நாற்பது வருஷமாக அந்தத் தெருவில் குடியிருக்கிற ஒருவரை அவருடைய வீட்டு வாசலுக்கே போகாமல் நில் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

மூன்றாவது நாள் அதுதான் நடந்தது. கையில் காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் வந்தார். எனக்கு நாக்கு எழவில்லை, ஒதுங்கி வழிவிட்டேன். அவர் நேராக பிரேமுக்குள் போய்விட்டார். முதலிலிருந்து மறுபடி எடுத்தார்கள். யாரும் திட்டவில்லை, அது இன்னும் கனத்தது. சாப்பாட்டு நேரத்தில் லொக்கேஷன் மேனேஜர் அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நடந்து போகிறவரைத் தடுக்க நமக்குச் சட்டப்படி அதிகாரம் கிடையாது, கேட்கத்தான் முடியும், அதனால் காவல்காரன் மாதிரி எதிரே நிற்காதே, அவர் பக்கத்தில் போய் நில், என்ன காட்சி எடுக்கிறார்கள் என்று மெதுவாகச் சொல், அவரோடு சேர்ந்து நீயும் காத்திரு என்றார்.

அதற்குப் பிறகு நான் அப்படித்தான் செய்கிறேன். மழையில் வருகிறவருக்குக் குடையைச் சாய்த்துப் பிடித்து, ரெண்டு நிமிஷம்தான் என்று சொல்லிவிட்டு, அவருடைய நாயின் பெயரைக் கேட்பேன். அந்த ரெண்டு நிமிஷங்களில்தான் எனக்கு ஆங்கிலம் வந்தது, அந்த ஊரும் வந்தது. எந்தப் பள்ளிக்கூடம் முன்பு மில்லாக இருந்தது, எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்று அவர்களாகவே சொல்வார்கள். இன்றைக்கும் சில தெருக்களில் என்னைப் பார்த்தால் கை தூக்குகிறவர்கள் உண்டு.

அப்புறம் நேரமும் மழையும். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் சாதாரணம். அப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர், விடியற்காலை மூன்றரை மணிக்கு நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போவார். அதே நேரத்துக்கு, அதே மாதிரி ஒரு லைட்டைக் கட்டிக்கொண்டு, நான் ரிவர்வியூவில் ஜெனரேட்டர் வண்டிக்குக் காவல் இருந்திருக்கிறேன். அது கோக்விட்லம் பக்கம் 2012-ல் மூடிய மனநல ஆஸ்பத்திரி, படமெடுக்கிறவர்கள் ஓயாமல் வருகிற இடம். இங்கே மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, அங்கே மழைக்காக ஷூட்டிங் நிற்பதே இல்லை. நல்ல மழைக்கோட்டும் முழங்கால் பூட்ஸும் வாங்கு, பையில் மாற்றுக் காலுறை மூன்று ஜோடி இருக்கட்டும். ஈரக் காலோடு பன்னிரண்டு மணி நேரம் நின்றவனுக்குத்தான் காய்ந்த காலுறையின் அருமை தெரியும். விடிந்து வீட்டுக்கு வந்து, கடையில் வாங்கின உறைந்த மரச்சீனிக் கிழங்கை அவித்துச் சாளைக் குழம்போடு தின்றுவிட்டுத் தூங்குவேன்.

வேலை நிரந்தரம் என்று நினைத்துவிடக் கூடாது தம்பி. 2023 மே 2 அன்று அமெரிக்க எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், ஜூலை 14 முதல் நடிகர்களும் சேர்ந்தார்கள், நடிகர்களுடையது நவம்பர் 9 வரை போனது. அவர்கள் கேட்டது நியாயமான கூலிதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அவர்களுடைய படங்களை நம்பியிருந்த வான்கூவரில், வேலைக்குக் கூப்பிடும் போன் அடிக்கவே இல்லை. அந்த மாதங்களில் நான் வீடு வீடாக மளிகைச் சாமான் கொண்டு கொடுத்தேன், வாடகை மனைவி பார்த்த கூடுதல் ஷிப்டில் போனது.

காமிரா எப்போது கையில் தருவார்கள் என்று தம்பி கேட்டான். நான் முதலில் டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். காலை ஐந்து மணிக்கு ஊருக்கு வெளியே நிற்க வேண்டும், அங்கே நகர ரயிலான ஸ்கைட்ரெயினின் முதல் வண்டி அதற்குக் கொண்டு சேர்க்காது, கார் இல்லாத பி.ஏ.வை ரெண்டாம் தடவை கூப்பிடுவது அபூர்வம். இங்கே ரெண்டு வருஷத்துக்கு மேல் முழு லைசென்ஸோடு ஓட்டியதற்கு அத்தாட்சி இருந்தால், அங்கே புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கான கட்டத்தில் மாட்டாமல் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி முழு லைசென்ஸ் வாங்கலாம். அந்த ரெண்டு வருஷத்துக்கான வேலையை இன்றைக்கே தொடங்கு என்றேன். நேற்று அவன் எல்.எல்.ஆர். போட மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய்விட்டு வந்தான்.