‘மஹோகனி’ என்று மட்டும் எழுதியிருந்த பட்டியல்

எங்கள் மரவாடிக்கு, மரம் கைமாறி வந்த வழியை உறுதிசெய்யும் எஃப்.எஸ்.சி. (காடுகளைப் பொறுப்போடு பேணுவதற்கான பன்னாட்டு அமைப்பு) சான்றிதழை வாங்க முடிவெடுத்தபோது, விண்ணப்பம்தான் பெரிய வேலை என்று நினைத்தேன். அது ஒரே வாரத்தில் முடிந்தது. பிறகு ஐந்து மாதம் கிடங்கிலும் கோப்புகளிலும் கழிந்தது.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. கிடங்கில் இருந்த ஒரு லாட்டின் விற்பனைப் பட்டியலில் ‘மஹோகனி’ என்று மட்டும் எழுதியிருந்தது. அமெரிக்கக் கண்டத்து ஸ்வீட்டீனியாவும் மஹோகனிதான், ஆப்பிரிக்கக் காயாவும் மஹோகனிதான். பிலிப்பைன் மஹோகனி என்று விற்கும் ஷோரியாவோ வேறு குடும்பத்து மரம். தென், மத்திய அமெரிக்கக் காடுகளின் பெரிய இலை மஹோகனி 2003 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். ஆப்பிரிக்கக் காயா 2023இல் அதே பட்டியலில் சேர்ந்தது. ஆக, அறிவியல் பெயர் தெரியாமல் எந்த ஆவணத்தைக் கேட்பது என்றே தெரியாது.

விற்றவரைக் கேட்டேன். “நாங்கள் எப்போதும் விற்கும் மஹோகனிதான் ஐயா” என்றார். மாதிரித் துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்து, காயா என்றார்கள். எந்தக் காட்டில் வெட்டியது? அதை நுண்ணோக்கி சொல்லாது, விற்றவரும் சொல்லவில்லை. முழு லாட்டையும் திருப்பி அனுப்பினேன். பண இழப்பைவிட, இத்தனை ஆண்டுகள் கேட்காமலே வாங்கியிருக்கிறோமே என்பதுதான் என்னை உறுத்தியது.

இரண்டாவது பாடம், சான்றிதழின் நகலை நம்பக் கூடாது என்பது. அதிலுள்ள குறியீட்டு எண்ணை எஃப்.எஸ்.சி.யின் பொதுத் தரவுத்தளத்தில் தேடினால், அது செல்லுமா, எந்தப் பொருள்களுக்குச் செல்லும் என்பது தெரிந்துவிடும். ஒரு விற்பனையாளரின் சான்றிதழ் பைன் மரத்துக்கு மட்டுமே இருந்தது. எனக்கு விற்க வந்ததோ பீச் என்ற வேறு மரம். விற்பனைப் பட்டியலில் அந்த எண்ணும் ‘எஃப்.எஸ்.சி. 100%’ (முழுவதும் சான்று பெற்ற காட்டு மரம்) போன்ற குறிப்பும் இல்லாவிட்டால், மரம் நல்ல காட்டிலிருந்தே வந்திருந்தாலும் சாதாரண மரமாகத்தான் விற்க வேண்டும்.

தணிக்கையாளர் வந்த அன்று, சோதனை ஓட்டமாக நாங்கள் எழுதிய மூன்று மாதக் கணக்கை எடுத்தார். எங்கள் அறுவையில் பத்து கன மீட்டர் உருட்டு மரத்துக்கு ஐந்தரை கன மீட்டர் பலகை வரும். ஒரு மாதம் மட்டும் ஏழு என்று இருந்தது. “மீதி எங்கிருந்து வந்தது?” என்றார். கிடங்குக்குப் போய்ப் பார்த்தோம்: சான்றில்லாத பலகைகள் பிரிவுக்கோட்டைத் தாண்டி, சான்றுள்ளவற்றோடு அடுக்கப்பட்டிருந்தன. இரு அடுக்குகளையும் வேறு வேறு கொட்டகைக்கு மாற்றி, ஒவ்வொன்றிலும் வண்ணக் குறியிட்டுக் காட்டிய பிறகே சான்றிதழ் வந்தது. ஐந்தாண்டு செல்லும்; ஆண்டுதோறும் தணிக்கை உண்டு.

இப்போது கொள்முதல் ஆணையிலேயே அறிவியல் பெயர், வெட்டிய நாடு, காட்டுப் பகுதி, கன அளவு ஆகியவற்றைக் கேட்கிறேன். இரண்டு விற்பனையாளர்கள் பதிலே எழுதவில்லை. அவர்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.